மாமா வயலுக்க இறங்கினவர்

காய்ச்சல் தொடங்கி எத்தனையாம் நாள்? அந்த மாதம் முழுக்க எங்களிட்ட எல்லாரும் கேட்டது இதைத்தான். டிஸ்பென்சரியில், ஓபிடியில், வார்ட்டில், பிறகு ஐசியு வாசலில். முதலில் ஆளுக்கொரு நாள் சொன்னோம். மாமி வெள்ளி என்றா, அம்மம்மா புதன் என்றா. கடைசியில் சோதினை நேர அட்டவணையை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். 2024 ஏ.எல் சோதினை மழையால இடையில நின்று டிசம்பர் 4 திரும்பத் தொடங்கினது. அதற்கு அடுத்த நாள் எங்களில் கடைசி ஆள் வீட்டுக்கு வர, மாமா முத்தத்து வெயிலுக்குள் கதிரையைப் போட்டுப் போர்வையைச் சுத்திக்கொண்டு இருந்தார். ஆக, டிசம்பர் 5, வியாழக்கிழமை.

‘நாங்கள்’ எண்டால் மூன்று பேர். வடமராட்சியில் ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. மாமாவின் மகள் ஒருத்தி, மாமாவின் அக்கா பிள்ளைகள் இரண்டு பேர். ஒருத்திக்கு அவர் அப்பா. கட்டுரை முழுக்க ‘மாமா’ என்றே எழுதுவம் எண்டு சொன்னதும் அவள்தான். அப்பா எண்டு எழுதினால் தன்னால் முடிக்கேலாதாம்.

நவம்பர் கடைசியில் பெய்த மழை இங்கே எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். வயல் எது, றோட்டு எது எண்டு தெரியாமல் கிடந்தது. மாமாவுக்கு நாலு பரப்பிலும் நெல். பயிர் மூழ்கினால் முடிஞ்சுது எண்டு, மூன்று நாள் தொடர்ந்து மண்வெட்டியோட போய் முழங்காலுக்கு மேல தண்ணிக்குள்ள நிண்டு, வரம்பை வெட்டி வாய்க்காலுக்குத் தண்ணியை இறக்கினவர். செருப்பு சேத்துக்க புதைஞ்சு போச்சுது எண்டு வெறுங்காலோட வந்தார். குதிக்காலில் ஒரு வெட்டு இருந்தது. மாமி மஞ்சள் வைச்சுக் கட்டினா. நாங்கள் மூன்று பேரும் அந்தக் காலைப் பார்த்தனாங்கள்.

எலியின் சிறுநீரோடு வெளியே வரும் கிருமி தேங்கிய தண்ணிக்குள் கிடக்கும். காயம் வழியாகவோ, ஊறிப்போன தோல் வழியாகவோ, கண், வாய் வழியாகவோ உடம்புக்குள் போகும். போனவுடனே ஒன்றும் தெரியாது. பெரும்பாலும் 5 தொடக்கம் 14 நாளுக்குள்ளதான் காய்ச்சல் காட்டும். மாமா கடைசியாக வயலுக்குள் நின்ற நாளில் இருந்து ஒரு கிழமை கழித்து அவருக்குக் காய்ச்சல் வந்தது. இதெல்லாம் எங்கட நாட்டில் வயல் செய்கிற ஊர்களில் பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிற விஷயம். எங்களுக்கும் சொல்லித் தந்தவை. எங்களில் ஒருத்தி அந்த மாதம் உயிரியல் பேப்பர் எழுதிக்கொண்டிருந்தவள் என்பதையும் சொல்லத்தான் வேணும்.

முதல் இரண்டு நாளும் பனடோலும் மல்லித்தண்ணியும். மழைக்க நனைஞ்ச காய்ச்சல் எண்டு வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. மாமா காய்ச்சலை விடக் கால் உளைவைப் பற்றித்தான் கூட முறைப்பட்டார். கெண்டைக்காலைத் தொடவே விடுகிறார் இல்லை. கண் இரண்டும் சிவந்து கிடந்தது, ஆனால் பீளை இல்லை. மூன்று நாள் மண்வெட்டி பிடிச்ச மனிசனுக்குக் கால் உளையாமல் என்ன செய்யும் எண்டு அம்மம்மா சொன்னா. நியாயமாகத்தான் பட்டது.

சனிக்கிழமை எங்களில் ஒருத்தன் மாமாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஒரு டிஸ்பென்சரிக்குப் போனான். சனம் நிரம்பி வழிஞ்சுது. எல்லாருக்கும் காய்ச்சல். டொக்டர் தொண்டையைப் பார்த்தார், நெஞ்சில் குழாய் வைத்தார், எத்தனையாம் நாள் எண்டு கேட்டார். வைரஸ் காய்ச்சல் மாதிரி இருக்கு, குறையாட்டி திங்கள் இரத்தம் பாப்பம் எண்டு சொல்லி மருந்து தந்தார். வயலுக்க இறங்கினவரோ எண்டு அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. மூன்று சொல்லுத்தான். பின்னால் நின்ற ஆள் கதவைத் தள்ளிக்கொண்டு நிண்டார், மோட்டார் சைக்கிள் கேற்றை மறிச்சுக்கொண்டு நிண்டுது, வெளிக்கிட்டு வந்திட்டம்.

மூச்சு எப்ப மாறினது எண்டு எங்களுக்குள் இன்னும் சண்டை. ஞாயிறு பின்னேரம் எண்டு ஒருத்தி. திங்கள் விடிய எண்டு மற்ற ஆக்கள். மூச்சுத்திணறல் எண்டவுடனே நாங்கள் நினைச்சது படத்தில் வருகிற மாதிரி நெஞ்சைப் பிடிச்சுக்கொண்டு விழுகிறதை. அல்லது அம்மம்மாவுக்கு வருகிற முட்டு மாதிரி சத்தத்தோட இழுக்கிறதை. மாமாவுக்கு அப்படி ஒன்றும் இல்லை. சத்தமே இல்லை. கட்டிலில் நிமிர்ந்து இருந்தார். சின்னச் சின்ன மூச்சாக, கெதி கெதியாக எடுத்தார், ஓடிவந்த ஆள் மாதிரி. கேட்டால் “ஒண்டுமில்லை, களைப்பு” எண்டார். அந்த இரண்டு சொல்லுக்கு நடுவிலும் ஒரு மூச்சு. பிறகுதான் எங்களுக்கு விளங்கினது, அவர் இரண்டு சொல்லுக்கு மேல் சேர்த்துக் கதைச்சு அரை நாளாச்சுது எண்டு. கதைக்க விருப்பமில்லை எண்டு நினைச்சிருந்தம்.

கொரோனா காலத்தில் 2021இல் வாங்கின, விரலில் கொழுவுகிற ஒட்சிசன் மீற்றர் ஒன்று எங்கட வீட்டு லாச்சியில் கிடந்தது. அதை எடுக்க வேணும் எண்டு திங்கள் இரவுதான் ஒருத்தருக்குத் தோணினது. பற்றரி பொங்கிப் பச்சையாய்ப் போய்க் கிடந்தது. ரீவி ரிமோட்டில் இருந்த பற்றரியைக் கழற்றிப் போட்டுப் பார்த்தம், வேலை செய்யவில்லை. விடியப் பார்ப்பம் எண்டு படுத்தம்.

செவ்வாய் விடிய மாமா இருமித் துப்பின பேசினில் இரத்தக் கோடு இருந்தது. 1990க்கு அடிச்சம்.

அம்புலன்ஸில் மாட்டின மீற்றரில் 84. சுகமான ஆளுக்கு 95க்கு மேல இருக்க வேணும். நிமிசத்துக்கு 38 மூச்சு எடுக்கிறார் எண்டு பக்கத்தில் இருந்தவர் ஃபோனில் சொன்னது கேட்டது. வளர்ந்த ஆள் சும்மா இருக்கேக்க எடுக்கிறது 12 தொடக்கம் 20 தான். ஆஸ்பத்திரியில் படுக்கையில் விட்டதும் வந்த சின்ன வயசு டொக்டர் மாமி பக்கம் திரும்பி முதலில் கேட்டது: “வயல் வேலைக்குப் போறவரோ?”

மாமி ஓம் எண்டு தலையாட்டினா. நாங்கள் மூன்று பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

அந்த நாட்களில் யாழ்ப்பாணத்தில் காய்ச்சலும் மூச்சு முட்டலுமாகச் சிலர் அடுத்தடுத்து இறந்திருந்தார்கள். பருத்தித்துறை, கரவெட்டிப் பக்கம். மர்மக் காய்ச்சல் எண்டு ஃபேஸ்புக் முழுக்க ஓடினது. பிறகு இரத்தப் பரிசோதனைகளில் எலிக்காய்ச்சல் எண்டு தெரிய வந்தது. மாமாவுக்கு முடிவு வர முதலே அந்த டொக்டர் அதற்கான ஊசியைத் தொடங்கிவிட்டார். பார்த்துக்கொண்டு இருக்க நேரமில்லை எண்டார்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினவை. எங்களில் உயிரியல் படிக்கிறவளுக்குப் புத்தகத்துப் படத்தில் சுவாசப்பை கறுப்பாக இருக்கும் எண்டு தெரியும், காற்று கறுப்பாகத் தெரியும். மாமாவின்ர இரண்டு பக்கமும் வெள்ளை. பஞ்சை அடைஞ்ச மாதிரி. “தண்ணியோ டொக்டர்?” எண்டு மாமி கேட்டா. வெள்ளத்துக்க நிண்ட தண்ணி நெஞ்சுக்க ஏறீட்டுது எண்டு மாமி கனகாலம் நம்பிக்கொண்டிருந்தா. அந்தத் தண்ணி வெளியில இருந்து வந்ததில்லை.

எங்கட சுவாசப்பைக்குள் ஏறத்தாழ 48 கோடி சிற்றறைகள் இருக்கு. ஒவ்வொன்றையும் சுற்றி மயிர்க்குழாய் வலை. இடையில இருக்கிற சுவர் அவ்வளவு மெல்லிசு. அதுக்குள்ளாலதான் ஒட்சிசன் இரத்தத்துக்குப் போகுது. உடம்பில் எங்கேயோ ஒரு பெரிய அடி விழுகிறது: நியூமோனியா, இரத்தத்தில் பரவிய கிருமி, நீரில் மூழ்கினது, கணையத்தில் அழற்சி, பெரிய விபத்து. கிருமியோடு சண்டை பிடிக்க வெளிக்கிட்ட உடம்பின் சொந்தப் படையே அந்தச் சுவரையும் சேர்த்து உடைக்கிறது. உடைஞ்ச சுவருக்குள்ளால புரதம் நிறைஞ்ச நீர் சிற்றறைக்குள் கசிகிறது. எலிக்காய்ச்சலில் சிலருக்கு இரத்தமே கசியும், மாமாவுக்கு அதுதான். சிற்றறைகள் ஒட்டிப்போகாமல் பரப்பிழுவையைக் குறைச்சு வைச்சிருக்கிற சவர்க்காரம் மாதிரியான ஒரு பூச்சு உள்ளே இருக்கு. நீர் வந்ததும் அதுவும் கெட்டுப்போகிறது. பிறகு சிற்றறைகள் ஒவ்வொன்றாய்ச் சுருங்கி ஒட்டும். எவ்வளவு ஒட்சிசன் குடுத்தாலும் போய்ச் சேர வழி இல்லை. விறைச்சுப்போன பலூனை ஊதுகிற மாதிரி ஒவ்வொரு மூச்சுக்கும் நெஞ்சுத் தசைகள் மாரடிக்கும். மாமாவின் ‘களைப்பு’ பொய் இல்லை.

இதற்கு ஆங்கிலத்தில் சுருக்கமாக ஏஆர்டிஎஸ் எண்டு பேர். கடுமையான சுவாச இடர்ப்பாடு எண்டு சொல்லலாம். இது தனி ஒரு வருத்தம் இல்லை, வேற வருத்தங்கள் வந்து சேருகிற ஒரு சந்தி. 1967இல் அமெரிக்காவின் டென்வரில் நாலு வைத்தியர்கள் 12 நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். விபத்து, நியூமோனியா எண்டு ஒவ்வொருத்தருக்கும் ஒவ்வொரு காரணம். ஆனால் எல்லாருக்கும் இதே வெள்ளை எக்ஸ்ரே, இதே கெதி மூச்சு. 12 பேரில் 7 பேர் இறந்தார்கள். அடி விழுந்து ஒரு கிழமைக்குள் வரவேணும், இரண்டு பக்கமும் வெள்ளையாய் இருக்கவேணும், இதயம் பழுதாகி நீர் கட்டினது மட்டும் காரணமாய் இருக்கக்கூடாது எண்டு 2012இல் வரையறுத்தவை. அதோட ஒரு கணக்கும். நாடி இரத்தத்தில் இருக்கிற ஒட்சிசன் அழுத்தத்தை, குடுக்கிற ஒட்சிசனின் பங்கால் பிரிக்கிறது. சுகமான ஆளுக்கு 400க்கு மேல வரும். 300க்குக் கீழ் வந்தால் ஏஆர்டிஎஸ், 100க்குக் கீழ் மோசம். புதன் பின்னேரம் மாமாவுக்கு 92.

டியூப் போடவேணும் எண்டு சொன்னது அப்பதான்.

இதில் ஊர்ச் சனத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதாமல் விடேலாது. வருத்தம் பார்க்க வந்தவை நெஸ்ரமோல்ட் ரின்னோட வாசலில் நிண்டிச்சினம். “மிசின் போட்டா ஆள் திரும்ப மாட்டார், இன்னாரின்ர தம்பியும் அப்பிடித்தான்” எண்டு மாமியின்ர காதுக்க ஒரு பெரியவர் சொன்னார். அன்பில் சொன்னதுதான். மாமி கையெழுத்துப் போட மாட்டன் எண்டு நிண்டா. டொக்டர் கோவிக்கவில்லை. “அம்மா, அவர் இப்ப ஓடிக்கொண்டு இருக்கிறார். நேற்றையில இருந்து நிக்காமல் ஓடுறார். போடாட்டி இண்டிரவுக்குள்ள களைச்சு விழுந்திடுவார்.” மாமி எங்களைப் பார்த்தா. கம்பஸ் படிக்கிற பிள்ளைகள், இங்கிலீசு தெரிஞ்ச பிள்ளைகள். நாங்கள் போடச் சொன்னம். வாழ்க்கையில் இதுவரை நாங்கள் சொன்ன எதுவும் இவ்வளவு பாரமாக இருந்ததில்லை.

மயக்க ஊசி போட முதல் மாமா ஒரு விரலை உயர்த்தி ஏதோ கேட்டார். மாஸ்க்குக்குள்ளால விளங்கவில்லை. மாமி குனிஞ்சு கேட்டுவிட்டு வந்து சொன்னா: “தண்ணி வடிஞ்சிட்டுதோ எண்டு கேக்கிறார்.” நெல் வயலைத்தான்.

வியாழக்கிழமை கண்ணாடிக்குள்ளால எட்டிப் பார்க்க விட்டிச்சினம். ஒரு நேர்ஸ் அளவு நாடாவை எடுத்துத் தலையில் இருந்து குதிக்கால்வரை மாமாவைப் படுத்த படுக்கையில் அளந்துகொண்டிருந்தா. மாமி அதைக் கண்டு கத்தின கத்தில் வார்ட்டே திரும்பிப் பார்த்தது. பெட்டிக்கு அளவெடுக்கினம் எண்டு நினைச்சிட்டா. உண்மையைச் சொன்னால் எங்களுக்கும் ஒரு கணம் அப்படித்தான் இருந்தது. அந்த மிசி வெளியில வந்து மாமியின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு விளங்கப்படுத்தினா. உயரத்தை வைச்சுத்தான் மெசின் எவ்வளவு காற்றுக் குடுக்கிறது எண்டு கணக்குப் பார்க்கிறதாம். ஆள் மெலிஞ்சாலும் கொழுத்தாலும் சுவாசப்பை உயரத்துக்கு ஏத்த அளவுதானாம்.

பிறகு நாங்கள் தேடி வாசிச்சம். முந்தி ஒரு கிலோ நிறைக்கு 12 மில்லிலீற்றர் கணக்கில் காற்றை அடிச்சவை. திறந்திருக்கிற கொஞ்சச் சிற்றறைக்குள் முழுக் காற்றையும் தள்ளினால் அதுவும் கிழியும். 861 பேரை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2000இல் வந்தது. 12இனை 6 ஆகக் குறைக்க, இறப்பு 39.8 வீதத்தில் இருந்து 31 வீதமாக இறங்கியது. புது மருந்து ஒன்றும் இல்லை. குறைச்சு ஊதினதுதான். வென்டிலேற்றர் சுவாசப்பையைச் சுகப்படுத்துவதில்லை எண்டும் அப்பதான் விளங்கினது. அது நேரத்தை வாங்கித் தருகிறது. மிச்சத்தை ஊசியும் உடம்பும் பார்க்க வேணும்.

அடுத்த நாள் குப்புறப் போட்டிருந்தவை. ஐந்து பேர் சேர்ந்து, ஒருத்தர் டியூபைப் பிடிச்சுக்கொண்டு, எண்ணி எண்ணிப் பிரட்டினவையாம். 16 மணித்தியாலம் குப்புற, பிறகு நிமிர்த்தி, திரும்பவும் குப்புற. நாலு தரம். சுவாசப்பையின் கூடின பங்கு முதுகுப் பக்கம்தான் இருக்கு. நிமிர்ந்து படுத்தால் ஊறின பாரமும் இதயமும் அதை அமுக்கும். பிரட்டினால் அந்தப் பக்கம் திறக்கும். 2013இல் வந்த ஒரு பிரெஞ்சு ஆய்வில், மோசமான நோயாளிகளுக்கு இப்படிச் செய்ததால் 28 நாளுக்குள்ளான இறப்பு 32.8 வீதத்தில் இருந்து 16 ஆகக் குறைஞ்சிருந்தது. மாமாவின் முகம் வீங்கிக் கறுத்து, அடையாளமே தெரியாமல் போச்சுது. ஆனால் முதல் தரம் பிரட்டின அண்டு இரவே 92 எண்ட இலக்கம் 140 ஆச்சுது. அதை ஒரு துண்டில் எழுதி மாமி சாமித்தட்டில் வைச்சா.

முதல் கிழமையில் கசிவு. அதற்குப் பிறகு இரண்டு மூன்று கிழமை உடம்பு அந்த நீரை உறிஞ்சி, உடைஞ்ச சுவரைத் திரும்பக் கட்டப் பார்க்கும். சிலருக்கு அந்தக் கட்டு வேலை பிழைச்சு, தழும்பு விழுந்து, சுவாசப்பை விறைச்சே போய்விடும். மாமா எந்தப் பக்கம் போவார் எண்டு ஒருத்தரும் சொல்லவில்லை. “நாளைக்குப் பாப்பம்” எண்டு மட்டும் சொல்லிச்சினம். சிறுநீரகமும் இடையில சோர்ந்து, பிறகு தானாய் எழும்பினது. ஐசியு வாசல் வாங்கில் நாங்கள் முறை வைச்சு இருந்தம். பக்கத்தில் இருந்த ஒரு குடும்பம் ஒரு நாள் காலமை வரவில்லை. அவையின்ர தேத்தண்ணிப் போத்தல் மட்டும் வாங்குக்குக் கீழ கிடந்தது. கேட்கவில்லை.

நத்தாருக்குப் பிறகு மயக்கத்தைக் குறைச்சிச்சினம். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைச்சிருந்தபடியால் மாமாவுக்குக் குரல் வராது. எங்களைக் கண்டதும் கண் விரிஞ்சு, கையால வெளியில போங்கோ வெளியில போங்கோ எண்டு காட்டினார். எங்களுக்கு நெஞ்சு வெடிச்சுப் போச்சுது. கடதாசியும் பேனையும் குடுக்க, கோணல் மாணலாய் எழுதினார்: “பங்கருக்க ஓடுங்கோ.” மெசின்களின் சத்தம் அவருக்கு எந்தச் சத்தமாய்க் கேட்டிருக்கும் எண்டு எங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை, எங்கட வீட்டில் அந்தக் கதைகள் இருக்கு. ஐசியுவில் கனநாள் கிடக்கிற ஆக்களுக்கு இப்படிக் குழம்புவது வழமை, போயிடும் எண்டு மிசி சொன்னா. ஐந்தாறு நாளில் போச்சுது. அந்தத் துண்டை மாமி கிழிச்சுப் போட்டிட்டா.

பொங்கலுக்கு இரண்டு நாள் முதல் வீட்டுக்கு வந்தார். 64 கிலோவில் போனவர் 51இல் வந்தார். வளவுக் கேற்றில் இருந்து படிக்கு வர மூன்று தரம் நிண்டார். எல்லாரும் நெஞ்சுதான் பிழை எண்டு நினைச்சினம். ஆனால் சுவாசப்பை மாதக்கணக்கில் நல்லாகத் தேறி வந்தது. கை காலில்தான் பலமில்லை. கனடாவில் இந்த வருத்தத்தில் தப்பின 109 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் எழுதினதை வாசிச்சம். ஐசியுவில் இருந்து போகேக்க தங்கட நிறையில் 18 வீதம் இழந்திருக்கினம். ஒரு வருசம் போயும் பாதிப் பேர்தான் வேலைக்குத் திரும்பியிருக்கினம். இதை மாமாவுக்கு வாசிச்சுக் காட்டினம். தனக்கு மட்டும் இல்லை எண்டது அவருக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அதற்கு முதல், தான் சோம்பேறியாகிவிட்டதாக ஊர் கதைக்குது எண்டு படலைக்கு வெளியிலேயே போகாமல் இருந்தவர்.

லான்ட்மாஸ்ரரை இன்னும் அவரால் அடிச்சு ஸ்ராட் பண்ணேலாது. வயலைப் பக்கத்து அண்ணை குத்தகைக்குச் செய்கிறார். வயலுக்க இறங்குகிற காலத்தில் வாரத்துக்கு ஒருக்கா 200 மில்லிகிராம் டொக்சிசைக்ளின் குடிக்க வேணும். பிஎச்ஐயிட்ட, இல்லாட்டி எம்ஓஎச் ஒஃபிசில் கேட்டால் சும்மா குடுப்பினம். யாருக்கு அது கூடாது எண்டதையும் அவையே கேட்டுப் பார்ப்பினம். அந்த அண்ணையின் ஏழு வேலையாட்களுக்கும் மாமாதான் போய் எடுத்துக்கொண்டு வந்து, முன்னால நிண்டு விழுங்க வைக்கிறார். விழுங்கின பிறகு வாயைத் திறந்து காட்டச் சொல்கிறார் எண்டு அவையள் சிரிக்கினம்.

ஒட்சிசன் மீற்றர் புதுசு வாங்கியாச்சு. இரவில் மாமா அதைக் கொழுவிக்கொண்டுதான் படுக்கிறார். நித்திரையானால் மூச்சு நிண்டிடும் எண்டு பயம். 97 எண்டு காட்டினாலும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். மாமி ஒளிச்சு வைச்சால் தேடி எடுக்கிறார்.

டிஸ்பென்சரிக் கதை ஊரில் இன்னும் ஓடுது. “அந்த டொக்டர் ஒழுங்காப் பாத்திருந்தா இவ்வளவு வந்திராது” எண்டு மாமாவே வாறவையிட்டச் சொல்கிறார். அந்த இடத்தில் நாங்கள் மூன்று பேரும் எழும்பித் தேத்தண்ணி போடப் போய்விடுவம். சனிக்கிழமை அந்தச் சின்ன அறைக்குள் மாமாவோட நிண்டது எங்களில் ஒருத்தன். புறப்பட முதல் “வயல் எண்டு சொல்லோணும்” எண்டு நினைச்சு, பிறகு சோதினைப் புத்தகத்துக்குள் தலையை விட்டது இன்னொருத்தி. மற்றவளுக்கு நினைப்பே வரவில்லை. மாமாவுக்கு இதை நாங்கள் இன்னும் சொல்லவில்லை. அவர் இப்படியான கட்டுரைகள் வாசிக்கிற ஆள் இல்லை. மாமி வாசிப்பா.